கருணையும் கலம் நெல்லும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலைக் குன்றின் சரிவில், மேலைக்கோயில் என்று வழங்கும் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில் 38 வரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் கொடைச் செய்தி கிடையாது, போர்வெற்றி கிடையாது. ஏழு பகுதிகளாக இசைச் சுரக்கோவைகள் மட்டுமே வரிசையாக நிற்கின்றன. உருத்திராசாரியரின் சீடனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இவற்றைச் செய்தான் என்று முடிவில் ஒரு குறிப்பு வருகிறது. அந்த அரசன் மகேந்திரவர்மனா, பின்வந்த வேறொருவனா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. வழக்கு எப்படித் தீர்ந்தாலும், ஒரு கலையின் நுட்பம் குருவின் வாயோடும் குடும்பத்தின் வழக்கத்தோடும் நின்றுவிடாமல் பாடமாக எழுதப்பட்டுப் பொதுவிடத்தில் வைக்கப்பட்டது என்ற செய்தி மாறாது. அன்றைக்கு அதைப் படிக்க முடிந்தவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பார்கள். ஆனாலும் மாணவர் என்றொரு கூட்டத்தை மனத்தில் வைத்து ஒரு கலையை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார்கள். கைவேலை ஒன்று தொழிலாக வளரும் பாதையில் இப்படி எழுதி வைப்பது ஒரு பெரிய படி.

செவிலியப் பணியின் வரலாற்றை அந்தப் படியிலிருந்து பார்ப்பது பயன்தரும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இந்தப் பணியை அறிமுகம் செய்யும்போது நாம் வழக்கமாகச் சொல்வது வேறு. வெள்ளுடை, விளக்கேந்திய சீமாட்டி, தாயுள்ளம், தன்னலமற்ற தொண்டு ஆகிய நான்கையும் சொல்லிவிட்டால் அறிமுகம் முடிந்தது என்று நினைக்கிறோம். கேட்கும் பிள்ளைக்கு இதில் ஒரு தொழிலின் உருவம் தெரிவதில்லை. ஒரு குணத்தின் புகழ்ச்சிதான் தெரிகிறது. குணம் இருக்கிறவர் போகலாம், இல்லாதவர் ஒதுங்கலாம் என்ற எண்ணம் மனத்தில் விழுந்துவிடுகிறது. வரலாறு காட்டும் பாதை இதற்கு நேர்மாறானது. நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்ப்பது எல்லாக் காலத்திலும் நடந்த வேலை. அது தொழிலானது பள்ளியும் தேர்வும் பதிவேடும் ஊதியமும் வந்த பிறகுதான். இந்த நான்கும் யார் யாருக்கு எப்போது கிடைத்தன, யாருக்கு மறுக்கப்பட்டன என்பதே செவிலியத்தின் உண்மையான கதை. அந்தக் கதையைச் சொல்லித்தான் மாணவர்களை அழைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பழைய நூல்கள் இந்த வேலையை அறிந்திருந்தன. திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்தின் கூறுகளை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் என நான்காக எண்ணுகிறது. சரக சங்கிதையும் அதே நான்கைச் சொல்லி, பணி செய்பவருக்கு வேண்டிய தகுதிகளில் பணியறிவையும் கைத்திறனையும் தூய்மையையும் அன்போடு சேர்த்து வைக்கிறது. ஆனால் நூல் சொல்வது இலக்கணம். நடைமுறை எப்படி இருந்தது என்று காட்டும் சான்று காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் கிடைக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. காலம் ஏறத்தாழ 1068. கோயிலோடு சேர்ந்த பள்ளியின் மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் நடத்தப்பட்ட ஆதுலர் சாலையை அது விவரிக்கிறது. அதில் 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்யும் ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச இரண்டு ஆட்கள், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பணிவிடை செய்ய இரண்டு பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் கொடுக்க ஒருவர். பதினைந்து படுக்கைக்கு இரண்டு பெண்கள் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டு ஆள் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கல்வெட்டின் ஊதியப் பட்டியலை இன்னும் உன்னிப்பாகப் படிக்க வேண்டும். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். மூலிகை கொண்டுவரும் இருவருக்கும் சேர்த்து 60 கலமும் 2 காசும். பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலமும் ஒரு காசும். தலைக்குப் பிரித்தால் ஒரு பெண்ணுக்கு 15 கலம் நெல், அரைக் காசு. மருத்துவர் பெற்ற நெல்லில் அது ஆறில் ஒரு பங்கு. பச்சிலை பறிக்கப் போனவர் பெற்றதில் பாதி. நாவிதருக்குக் கிடைத்த அளவுக்குச் சமம். இந்தப் பட்டியல் இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்வது கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலை என்று சோழர் காலத்து நிர்வாகிகள் உணர்ந்திருந்தார்கள். அதே நேரத்தில் அந்த வேலைக்குத் தனிப் பயிற்சி ஏதும் வேண்டாம், எந்தக் கைக்கும் வரும் என்றும் கருதியிருக்கிறார்கள். கல்வெட்டு மருத்துவரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அந்த இரண்டு பெண்களின் பெயர் அதில் இல்லை. மதிப்பு எங்கே இருந்தது என்பதற்கு நெல்லின் அளவும் பெயரின் இன்மையும் சாட்சி.

ஊர்ப்புறங்களில் ஆதுலர் சாலை எட்டாத இடங்களில் இந்த வேலையின் பெரும்பகுதி பேறு பார்ப்பதாக இருந்தது. அதைச் செய்தவர் மருத்துவச்சி. தமிழ்நாட்டின் பல ஊர்களில் முடிதிருத்தும் குடும்பத்துப் பெண்களே மருத்துவச்சிகளாக இருந்தார்கள். மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் கைமாறிய அந்த அறிவு எளிதானதன்று. குழந்தையின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வயிற்றைத் தடவியே சொல்லத் தெரிந்த விரல்கள் அவர்களுடையவை. ஆனால் அந்த அறிவுக்கு எழுத்து இல்லை. ஓர் ஊர்க் கைக்குத் தெரிந்ததை அடுத்த ஊர்க் கையோடு ஒப்பிட்டுத் திருத்த வழி இல்லை. கிருமி என்ற கருத்து அறியாத காலத்தில், தொப்புள்கொடி அறுத்த கருவியின் அழுக்கு குழந்தையைக் கொல்லும் என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பும் இல்லை. அதைவிடப் பெரிய தடை, பேறு பார்த்த கையைத் தீட்டுப்பட்ட கையாகக் கருதிய சமூகம். உயிரைக் காக்கக் கூப்பிட்டவரைத் திண்ணையில் உட்காரவிடாத வழக்கம் இருந்தவரை, அந்த வேலையை மனமுவந்து கற்க வேறு குடும்பத்துப் பெண் யாரும் முன்வர முடியாது. தொழில் பிறப்போடு பிணைந்திருந்தது. பிறப்போடு பிணைந்த இழிவும் தொழிலில் ஒட்டிக்கொண்டது.

பிறப்புவழித் தொழில் எல்லாமே வறுமையில் இருந்ததாகக் கொள்ளக்கூடாது. குடுமியான்மலைக் கோயிலின் அம்மன் சந்நிதியை எழுப்பியவர் உமையாள்நாச்சி என்ற தேவரடியார் என்பது அங்குள்ள கல்வெட்டின்வழித் தெரிகிறது. கோயிலில் பணிசெய்த ஒரு பெண்ணிடம் சந்நிதி கட்டும் அளவுக்குப் பொருளும் அதைத் தன் பெயரில் எழுதி வைக்கும் உரிமையும் இருந்திருக்கின்றன. ஆகவே பெண்கள் பொதுவிடத்தில் வேலை செய்து பொருள் ஈட்டுவது நம் ஊர்களுக்குப் புதிதன்று. புதிதாக வந்தது பிறப்பைக் கேட்காமல் படிப்பைக் கேட்ட வேலைதான். அந்த வேலைக்குரிய வாசல் முதலில் சென்னையில் திறந்தது. 1844-இல் அங்கே தொடங்கிய பிரசவ மருத்துவமனை இன்றைய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் மூலம். 1854-இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்த அரசு ஒப்புதல் தந்தது. 1871-இல் அரசுப் பொது மருத்துவமனையில் நான்கு மாணவியரோடு ஆறு மாதப் பேறுகாலப் பயிற்சி தொடங்கியது. இந்தியாவில் செவிலியப் பள்ளி வரலாறு இங்கிருந்துதான் எண்ணப்படுகிறது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் தம் பயிற்சிப் பள்ளியை 1860-இல்தான் நிறுவியிருந்தார். பதினோரு ஆண்டு இடைவெளியில் சென்னையும் அந்தப் பாதைக்கு வந்துவிட்டது.

நைட்டிங்கேலைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் சொல்லும் கதையையும் இங்கே திருத்திச் சொல்ல வேண்டும். ஸ்குட்டாரிப் படைமருத்துவமனையில் அவர் கையில் விளக்கு இருந்தது உண்மை. அதே அளவு உண்மை, அவர் கையில் கணக்கேடும் இருந்தது. போர்க்காயத்தால் இறந்தவர்களைவிடத் தொற்றுநோயால் இறந்த சிப்பாய்கள் எத்தனை மடங்கு அதிகம் என்பதை வட்ட வரைபடமாக வரைந்து 1858-இல் அரசின்முன் வைத்தார். லண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. சாக்கடை, காற்றோட்டம், சுத்தமான துணி, சரியான உணவு ஆகியவை உயிரைக் காக்கின்றன என்று எண்ணிக்கையால் நிறுவியவர் அவர். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலே இங்குள்ள படைமுகாம்களின் சுகாதாரம் பற்றி ஆண்டுக்கணக்கில் தரவு திரட்டி எழுதினார். இந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு விளக்கை மட்டும் காட்டினால், கணக்கில் ஆர்வமுள்ள ஒரு பத்தாம் வகுப்பு மாணவி இந்தத் தொழிலில் தனக்கு இடமில்லை என்றே நினைப்பாள்.

பள்ளி திறந்ததும் உள்ளூர்ப் பெண்கள் வரிசையில் நிற்கவில்லை. தொடக்க காலத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களுமே பெரும்பாலும் வந்தார்கள். தீட்டு, ஆண் நோயாளியைத் தொடுவது, இரவுப் பணி, வீட்டை விட்டு விடுதியில் தங்குவது ஆகிய நான்கும் மற்றக் குடும்பங்களைத் தடுத்தன. மறுபக்கத்தில் தேவை ஏறிக்கொண்டே போயிற்று. கோஷா எனப்பட்ட திரைமறைவு வழக்கத்தில் இருந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் வர மறுத்ததால் 1885-இல் சென்னையில் அவர்களுக்கென்றே மருத்துவமனை திறக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டில் டஃபரின் சீமாட்டி நிதி தொடங்கி, பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் பார்க்கும் ஏற்பாட்டுக்குப் பணம் திரட்டியது. சமஸ்தானங்களும் இந்தப் பாதையில் வந்தன. புதுக்கோட்டை நகரில் ராணியார் மருத்துவமனை என்ற பெயர் இன்றைக்கும் வழக்கில் இருக்கிறது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அதை உருவாக்கியவர் டீலியா ஹௌட்டன் என்ற செவிலியர். 1926-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் செவிலியர், மருத்துவச்சியர் சட்டத்தை நிறைவேற்றியது. பயிற்சி பெற்றவரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதும், பள்ளிகளுக்கு அங்கீகாரம் கொடுப்பதும் அதன்பின் சட்டத்தின் வேலையாயின. திருமுக்கூடலில் பெயர் இல்லாமல் நின்ற அந்த இரண்டு பெண்களின் வேலைக்கு, ஏறத்தாழ 860 ஆண்டுகள் கழித்து, பெயரும் பதிவு எண்ணும் கொண்ட ஓர் ஏடு கிடைத்தது.

புதுக்கோட்டைச் சீமையில் இதே காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இந்த வாதத்துக்கு நேரடிச் சான்று. 1886-இல் இங்கே பிறந்த முத்துலட்சுமியின் தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் படிக்கும் கல்லூரியில் அந்தப் பெண்ணைச் சேர்க்கலாமா என்று எதிர்ப்பு எழுந்தபோது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். முத்துலட்சுமி 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். பின்னர் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். அடையாறு புற்றுநோய் நிலையத்தை உருவாக்கினார். அவர் மருத்துவர்தானே, செவிலியர் அல்லவே, இந்தக் கதையில் அவருக்கென்ன இடம் என்று கேட்கலாம். பிறப்பு வகுத்து வைத்த தொழிலிலிருந்து ஒரு பெண் வெளியேறிய வழி கருணையன்று, கல்லூரிச் சேர்க்கை என்பதை அவர் வாழ்க்கைபோலத் தெளிவாகக் காட்டும் வேறொன்று இந்த மாவட்டத்தில் இல்லை. அவருடைய பெயரைப் பேறுகால நிதியுதவித் திட்டத்துக்கு அரசு சூட்டியிருக்கிறது. அந்தத் திட்டத்தில் கர்ப்பிணியைப் பதிவு செய்வதும் பரிசோதனைக்கு வரச்சொல்லிப் பின்தொடர்வதும் கிராம சுகாதாரச் செவிலியரின் வேலை. மருத்துவரின் பெயரில் உள்ள திட்டம் செவிலியரின் காலால் நடக்கிறது.

பதிவேடும் பள்ளியும் வந்ததால் எண்ணிக்கை பெருகிவிட்டதா என்றால் இல்லை. சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டில், 1946-இல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. அன்றைய இந்தியாவில் மருத்துவர் 47,500 பேர், செவிலியர் 7,000 பேர். அதாவது 6,300 பேருக்கு ஒரு மருத்துவர், 43,000 பேருக்கு ஒரு செவிலியர். பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் 5,000 பேர்தான்; 60,000 பேருக்கு ஒருவர். மருத்துவரைவிடச் செவிலியர் பல மடங்கு இருக்க வேண்டிய நாட்டில் கணக்கு தலைகீழாக நின்றது. திருமுக்கூடலின் 15 படுக்கைச் சாலையில்கூட மருத்துவர் ஒருவருக்குப் பணிப்பெண்கள் இருவர் இருந்ததை எண்ணினால், வீழ்ச்சி எங்கே என்று விளங்கும். அதே 1946-இல் டெல்லியிலும் வேலூரிலும் செவிலியத்தில் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947-இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. 2023-இல் அதன் இடத்தில் தேசியச் செவிலியர், பேறுகாலச் செவிலியர் ஆணையத்துக்கான சட்டம் வந்திருக்கிறது. நாற்பதாயிரத்துக்கு ஒருவர் என்ற நிலையிலிருந்து நாடு மேலே வந்ததற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையிலும் பள்ளி முடித்த பெண்கள் கூடுதலாக அந்த வாசலுக்குள் போனதுதான்.

புதுக்கோட்டை கிராமங்களில் இந்தப் பெருக்கம் எப்படி நடந்தது என்பதற்கு ஒரு சைக்கிள் கதை உண்டு. 1991-இல் இந்த மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் கொடுத்தார். பல்லாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஏறி மிதித்தார்கள். அந்த நாட்களில் மாவட்டத்துக்கு வந்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், சைக்கிளை விரும்பி ஏற்றவர்களில் விவசாயக் கூலிகளோடும் குவாரித் தொழிலாளிகளோடும் கிராம சுகாதாரச் செவிலியரையும் குறிப்பிடுகிறார். காரணம் வெளிப்படை. கிராமச் செவிலியரின் நோயாளிகள் வரிசையில் வந்து உட்காருகிறவர்கள் அல்லர். வானம் பார்த்த பூமியில் தள்ளித் தள்ளி இருக்கும் குடியிருப்புகளில் இருக்கிறவர்கள். நாளுக்கு இரண்டு மூன்று பேருந்து வரும் ஊரில் தடுப்பூசிப் பெட்டியோடு காத்துக் கிடந்தால் வேலை நடக்காது. ஒரு பெண் தன் நேரத்தைத் தானே ஆள முடிந்தால்தான் அந்தத் தொழிலைச் செய்ய முடியும். எழுத்தும் சட்டமும் கொடுத்த தகுதியை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது சக்கரம்.

அதன்பின் வந்த ஆண்டுகளில் தமிழ்நாடு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் பிரசவம் பார்க்க மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை ஷிப்ட் முறையில் அமர்த்தியது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்தில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கில், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. இவை எல்லாவற்றையும் செவிலியரே சாதித்தார்கள் என்று சொன்னால் மிகையாகும். சாலை வந்தது, பெண் கல்வி வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, திருமண வயது ஏறியது, மருத்துவர் எண்ணிக்கை கூடியது. ஆனால் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவில் வலியோடு வரும் பெண்ணை முதலில் பார்ப்பவர் யார், இரத்த அழுத்தத்தை அளந்து, நாடி பார்த்து, இங்கேயே பார்க்கலாமா, பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்று முதல் முடிவை எடுப்பவர் யார் என்று கேட்டால், விடை பெரும்பாலும் ஒரு செவிலியர்தான். அந்த முடிவைப் பரிவு மட்டும் எடுத்துவிடாது. எந்த எண் அபாயம், எவ்வளவு இரத்தப்போக்கு எல்லை, எத்தனை நிமிடம் காத்திருக்கலாம் என்பது படித்துத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இந்த வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு கருணையின் பக்கத்திலிருந்து வரும். பணமும் பதிவும் தேர்வும் என்று பேசினால் செவிலியத்தின் உயிரே போய்விடாதா, அன்பில்லாத கை ஊசி போட்டால் என்ன ஆகும் என்பார்கள். அன்பு வேண்டும் என்பதில் சரகருக்கே ஐயமில்லை; ஆனால் அவர் அதைப் பணியறிவோடும் தூய்மையோடும் ஒரே வரிசையில்தான் வைத்தார். வரலாற்றில் அன்பை மட்டும் பாராட்டிய இடங்களை எடுத்துப் பார்த்தால், அங்கெல்லாம் கூலி குறைவாக இருந்திருக்கிறது. தொண்டு என்ற சொல்லை, வேலை செய்கிறவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டால் அது பெருந்தன்மை. வேலை வாங்குகிறவர் சொன்னால் பெரும்பாலும் சம்பளத்தைக் குறைப்பதற்கான முன்னுரை. ஆறு படுக்கைக்கு ஒருவர் பார்க்க வேண்டிய வார்டில் முப்பது படுக்கையை ஒருவரிடம் விட்டுவிட்டு அவரிடம் புன்னகையை எதிர்பார்ப்பது, கருணையைப் போற்றுவதாகாது. பயிற்சியும் போதுமான ஆளும் நியாயமான நேரமும் இருக்கும் இடத்தில்தான் கருணை காட்ட ஒருவருக்கு மூச்சு மிச்சமிருக்கும்.

இரண்டாவது மறுப்பு மதிப்பைப் பற்றியது. டாக்டர் ஆக முடியாதவர்கள் போகும் இடம்தானே, நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு இதை ஏன் காட்ட வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். நீட் தேர்வில் இடம் கிடைக்காத ஆண்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு பி.எஸ்சி. நர்சிங் கவுன்சலிங்குக்குப் போவது இன்று வழக்கமாகிவிட்டதால் இந்த எண்ணம் இன்னும் இறுகியிருக்கிறது. இரண்டும் வேறு வேறு அறிவு என்பதைச் சொன்னால்தான் இது தளரும். மருத்துவர் ஒரு நோயாளியின்முன் நிற்கும் நேரம் சில நிமிடங்கள். செவிலியர் நிற்பது ஒரு ஷிப்ட் முழுவதும். நிலை மாறுவதை முதலில் காண்பதும், மருந்தின் அளவைச் சரிபார்த்துத் தவறைத் தடுப்பதும், தொற்று பரவாமல் வார்டைக் காப்பதும், வீட்டுக்குப் போனபின் என்ன செய்ய வேண்டும் என்று குடும்பத்துக்குப் புரிய வைப்பதும் அந்த நெடுநேர அறிவின் பயன்கள். நான்காண்டுப் பட்டம், அதன்மேல் முதுகலை, ஆய்வுப் பட்டம், ஆசிரியப் பணி, தீவிர சிகிச்சை, மனநலம், சமூக நலம் என்று பிரிவுகள் விரிகின்றன. முதல் தெரிவாகவே இதை எடுக்கும் மாணவர் வந்தால்தான் இரண்டாம் தெரிவு என்ற முத்திரை அழியும்.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் இங்கிலீஷ் மருத்துவச் சொற்களில் தடுக்கி விழுவார்களே என்ற அச்சமும் உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1860களிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அறிவு எந்த மொழியிலும் ஏறும் என்பதற்கு அது சான்று. இன்றைய தேர்வும் பணியும் இங்கிலீஷில் நடப்பதால் அந்தச் சொற்களைக் கற்கத்தான் வேண்டும். ஆனால் அது ஓராண்டு உழைப்பில் தீரும் தடை. நோயாளியின் வட்டாரப் பேச்சைப் புரிந்துகொள்வது அதைவிட அரிய திறமை. அன்னவாசல், இலுப்பூர், விராலிமலைப் பக்கத்துப் பிள்ளைகள் அதை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள். மாணவர்கள் என்னும்போது ஆண்பிள்ளைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குறளும் சரகரும் பணி செய்பவரை ஆணாகவே குறித்தார்கள். பெண்ணுக்கே உரிய வேலை என்ற எண்ணத்தை இறுக்கியதில் ஆண்களைச் சேர்க்காத நைட்டிங்கேல் பள்ளிக்கும் பங்குண்டு. 2020-இல் உலகச் சுகாதார நிறுவனம் எடுத்த கணக்கில் உலகச் செவிலியரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். ஆனால் அது இயற்கை விதித்த விகிதமன்று. வரலாறு உண்டாக்கியது, வரலாற்றால் மாறக்கூடியது.

கடைசி மறுப்புதான் கடினமானது. இந்தத் தொழிலில் சம்பளமும் பணிப் பாதுகாப்பும் சரியில்லாதபோது பிள்ளைகளை அங்கே அனுப்புவது நியாயமா? இதற்கு மழுப்பலான பதில் சொல்லக்கூடாது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் வென்று 2015-இல் அரசுப் பணிக்கு வந்த ஆயிரக்கணக்கான செவிலியர், மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் தொடங்கினார்கள். 2017 நவம்பரில் நிரந்தரப் பணி கேட்டுச் சென்னையில் போராடினார்கள். தனியார் மருத்துவமனைகளில் மிகக் குறைந்த சம்பளம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் குழு அமைக்கச் சொன்னது. சிறிய மருத்துவமனையிலும் அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை எல்லா இடத்திலும் சம்பளமாக மாறிவிடவில்லை. இதனால்தான் பலர் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போகிறார்கள். உலகில் 59 லட்சம் செவிலியர் பற்றாக்குறை என்று 2020 அறிக்கை சொல்லும்போது, போகிறவர்களைக் குறை கூறி நிறுத்த முடியாது. திருமுக்கூடலின் 15 கலம் நெல்லிலிருந்து தொகுப்பூதியம் வரை நீளும் கோடு ஒன்றே. அந்தக் கோட்டை மறைத்துவிட்டு மாணவரை அழைப்பது ஏமாற்று. ஆனால் அதே வரலாறு இன்னொன்றையும் சொல்கிறது: நிலைமை சற்றேனும் மாறிய இடங்களில் எல்லாம், படித்து, பதிவு பெற்று, சங்கமாகக் கூடிக் கேட்டவர்களே மாற்றினார்கள். உச்ச நீதிமன்ற வழக்கைத் தொடுத்ததே செவிலியர் சங்கம்தான்.

ஆகவே வகுப்பறைக்கு வரும் அறிமுகம் வேறு மாதிரி இருக்க வேண்டும். எந்தப் படிப்பு எத்தனை ஆண்டு, எந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டு, எந்தப் பதிவு இல்லாமல் வேலை செய்ய முடியாது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அங்கீகாரம் இல்லாத நிறுவனத்தில் ஆறு மாதச் சான்றிதழுக்குப் பணம் கட்டி ஏமாறும் குடும்பங்களைக் காப்பது அந்தத் தகவல்தான். அரசுப் பணியில் தொடக்கச் சம்பளம் எவ்வளவு, தனியாரில் எவ்வளவு, இரவு ஷிப்ட் எத்தனை, விடுதி எப்படி என்று மாணவர்கள் கேட்கும்படி பழக்க வேண்டும். சொல்ல வருகிறவர் மாவட்டத்தில் பணியாற்றும் கிராம சுகாதாரச் செவிலியராகவோ வார்டு செவிலியராகவோ இருந்தால் பதில் நேராக வரும். உயிரியலோடு கணக்கும் புள்ளியியலும் இந்தத் தொழிலுக்கு ஏன் வேண்டும் என்பதை நைட்டிங்கேலின் வரைபடத்தைக் காட்டி விளக்கலாம். இத்தனையும் கேட்டபின் ஒரு மாணவர் வேண்டாம் என்று முடிவு செய்தால் அதுவும் நல்ல முடிவே. தெரிந்து மறுப்பவர் தெரியாமல் சேர்ந்து பாதியில் விடுபவரைவிட மேல். வேண்டும் என்று முடிவு செய்பவர், தம்மை ஒரு குணத்துக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எண்ணாமல், ஓர் அறிவைக் கற்று அதற்குரிய கூலியையும் மரியாதையையும் கேட்க உரிமை பெற்றவராகத் தம்மை எண்ணிக்கொண்டு உள்ளே போவார். செவிலியத்துக்கு இன்று குறைவாக இருப்பது அப்படி நுழைகிறவர்களின் எண்ணிக்கைதான்.